நாற்பத்தொரு பாகை நூல்

பம்பாய் மாதுங்காவில் அவரை ஊசி மாமா என்றே எல்லோரும் அழைத்தார்கள். மருத்துவத்தோடும் தையலோடும் அவருக்கு எவ்விதத் தொடர்பும் இருந்ததில்லை. கோட்டைப் பகுதியில் ஓர் அயல்நாட்டு வானூர்தி நிறுவனத்தின் சரக்குப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக எழுத்தராக இருந்தவர். அவருடைய இயற்பெயர் எனக்குத் தெரியும். ஆயினும் தம் வீட்டு வாசலில் பெயர்ப்பலகைகூட மாட்டாத மனிதரின் பெயரை நான் இங்கே எழுதுவது முறையாகத் தோன்றவில்லை.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு பிள்ளை கடல் கடந்து போகத் தொடங்கியிருந்தான். முன்பெல்லாம் கப்பல். புறப்படும் நாளும் சேரும் நாளும் செய்தித்தாளில் வந்துவிடும். வானூர்தி வந்தபின் பெற்றோருக்குக் கணக்குப் பிடிபடவில்லை. காலையில் இங்கே ஏறியவன் அதே காலையில் அங்கே இறங்குகிறான் என்றார்கள். மாலையில் ஏறியவன் மறுநாள் இறங்குகிறான் என்றார்கள். இதைத் தெளிவித்துக்கொள்ள அவர்கள் இரண்டு மாடி ஏறி ஊசி மாமாவின் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். எந்த நிலையத்திலிருந்து எந்த நிலையத்துக்கு என்பதைக் கேட்பதற்கு முன்பே அவர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு.

"ஊசி போட்டு எத்தனை நாள் ஆச்சு?"

அம்மை ஊசியா, வாந்திபேதி ஊசியா, மஞ்சட்காய்ச்சல் ஊசியா, போட்டதற்கான அட்டை எங்கே, அதில் முத்திரை இருக்கிறதா, முத்திரையில் நாள் இருக்கிறதா. இவற்றுக்கெல்லாம் விடை கிடைத்த பிறகே அவர் கை பூகோள உருண்டையைத் தொடும். அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வந்தவரை மறுபடியும் படியிறங்கச் செய்வார். மருத்துவரே இவ்வளவு கேட்பதில்லை என்று தெருவில் சிரித்தார்கள். அந்தக் கேள்வி எந்த வீட்டில் பிறந்தது என்பதை அறிந்தவர்கள் சிலரே. அது எங்கள் வீட்டில் பிறந்தது. அதைச் சொல்வதற்கு முன் அவர் கணக்கிடும் முறையைச் சொல்லிவிட வேண்டும்.

அந்தப் பூகோள உருண்டை தகரத்தால் ஆனது. சோர் பஜாரில் பழைய பொருள்களுக்கிடையே கண்டெடுத்தது. பாரசீகத்தின் மேல் ஒரு நசுங்கல். அந்த வழியாக அளந்தால் நூல் பள்ளத்தைத் தாண்டிக் குறுக்கே பாய்ந்துவிடும். ஆகவே பாரசீகம் குறுக்கிடும் தொலைவுக்கெல்லாம் இருபது மைல் கூட்டிக்கொள்வார். நூல் சாதாரண வெள்ளை நூல்தான். ஐந்து பாகைக்கு ஒரு மைப்புள்ளி வைத்து, அட்டைத் துண்டு ஒன்றில் சுற்றி வைத்திருப்பார். ஒரு பாகைக்கு அறுபது கடல்மைல். நூலை இரண்டு நகரங்களுக்கிடையே இழுத்துப் பிடித்தால் அது தானாகவே மிகக் குறுகிய வழியில் படிந்துவிடும். பம்பாயிலிருந்து லண்டனுக்கு நூல் போகும் வழியைப் பார்த்து முதன்முறை நான் வியந்தேன். வகுப்பில் சுவரில் தொங்கும் படத்தில் கோடு கிழித்தால் அரபிக் கடலும் எகிப்தும் வரும். நூலோ காசுபியன் கடல் மேலேறி வளைந்து சென்றது.

"நூல் போற வழியில ப்ளேன் போகாது, மாஸ்டர்," என்றார் அவர். நான் பள்ளியில் தமிழ் கற்பித்து வந்தேன். ஆதலால் எனக்கு அந்த அழைப்பு. "நடுவுல ருஷ்யாக்காரன் விடமாட்டான். பெட்ரோல் போட இறங்கணும். நீங்க உங்க விரலைப் பெய்ரூட் மேல வையுங்கோ."

அதுதான் அவர் முறை. ஒரு முனையை அவர் பிடித்துக்கொள்வார். மறுமுனையையும் இடைப்பட்ட ஊர்களையும் கேட்க வந்தவரின் விரல்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். தலையில் முக்காடிட்ட மூதாட்டியரும் பெய்ரூட்டின் மேலும் ரோமாபுரியின் மேலும் விரல் வைத்துக்கொண்டு மூச்சு விடாமல் நிற்பதை நான் கண்டிருக்கிறேன். தொலைவு கிடைத்ததும் வானூர்தியின் வேகத்தால் வகுப்பார். உந்துவிசிறி வானூர்தியா, ஜெட் வானூர்தியா என்று பார்ப்பார். ஏறவும் இறங்கவும் இருபத்தைந்து நிமிடம் கூட்டுவார். ஒவ்வோர் இடைநிலையத்துக்கும் ஒரு மணி நேரம். காற்று பின்னாலிருந்து தள்ளினால் சற்று முன்னதாகச் சேரலாம் என்பார். ஆனால் அந்த ஆதாயத்தை ஒருபோதும் கணக்கில் சேர்க்கமாட்டார்.

இதுவரையில் எந்த எழுத்தரும் செய்யக்கூடியது. அவருடைய கணக்கு இதற்குப் பிறகுதான் தொடங்கும். பெட்டி கீழ்த்தளத்தில் போகிறதா, கையோடு வருகிறதா? சுங்கச் சோதனையில் எத்தனை பேர் முன்னால் நிற்பார்கள்? நிலையத்திலிருந்து டாக்சியா, பேருந்தா? மாஹிம் பாலத்தில் எந்த நேரத்தில் நெரிசல்? கட்டடத்தில் எத்தனை படி? வீட்டு வாசற்படியில் தொடங்கி மறு வீட்டு வாசற்படியில் முடிவதே அவருக்குப் பயணம். "ஆகாசத்துல நேரம் ஆகாது. தரையிலதான் ஆகும்" என்று தளர்ந்த குரலில் சொல்வார். சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்களை அழுத்திக்கொள்வார்.

களைப்பு அவரை விட்டு நீங்கியதே இல்லை. மாலையில் தொடர்வண்டியில் தொங்கிக்கொண்டு வந்து, படியேறி, சட்டையைக்கூடக் கழற்றாமல் கூடத்து மரப்பெஞ்சில் பத்து நிமிடம் அசையாமல் அமர்ந்திருப்பார். அந்தப் பத்து நிமிடத்தையும் பயணத்தில் சேர்த்தே சொல்வார். அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டால் ஒரு மணி இருபது நிமிடம் என்பார். மற்றவர்களுக்கு அதே வழி ஒரு மணி பத்து நிமிடம்தான்.

அவருடைய துணைவியார் இதையெல்லாம் எங்களிடம் சொல்லிச் சிரிப்பார். "மார்க்கெட்டுக்குப் போய்ட்டு வர எத்தனை நாழி ஆகும்னு ஒருநாள் தெரியாத்தனமா கேட்டுட்டேன். இவர் பதில் சொல்லி முடிக்கறதுக்குள்ள நான் போய்ட்டே வந்துட்டேன்." மாமா அதைக் கேட்டு வருந்தியதாகத் தெரியவில்லை. "பை கொண்டு போனியா, இல்லையான்னு நீ சொல்லவே இல்லை" என்றார்.

செம்பூரிலிருந்து ஓர் அம்மையார் தம் மகளை லண்டனுக்கு அனுப்பும் பொருட்டு வந்தது நினைவிருக்கிறது. வானூர்தி புறப்படும் வேளை இராகு காலத்தில் அமைந்துவிட்டது. அதற்குப் பரிகாரமாக, நல்ல வேளை பார்த்து மகளின் பெட்டியை முந்தின நாளே பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். பரஸ்தானம் என்பது அதற்குப் பெயர். பொருள் புறப்பட்டுவிட்டால் ஆளும் புறப்பட்டதாகக் கொள்ளும் மரபு. இப்போது பயண நேரத்தைப் பெட்டி நகர்ந்த கணத்திலிருந்து எண்ணுவதா என்று அம்மையாருக்கு ஐயம். ஊசி மாமா அதை நகையாடவில்லை. நெடுநேரம் எண்ணிப் பார்த்தார்.

"அப்படி எண்ணினா உங்க பெட்டிக்கு லண்டன் போய்ச்சேர ரெண்டு நாள் ஆகும், மாமி. பொண்ணுக்குப் பதினாலு மணி நேரந்தான். ரெண்டையும் தனித்தனியா எழுதித் தரேன்."

அவ்வாறே எழுதியும் கொடுத்தார். அம்மையார் அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

தாராவியில் தோற்பை செய்யும் பட்டறை வைத்திருந்த ஒரு முஸ்லிம் பெரியவரும் அடிக்கடி வருவார். காயல்பட்டினத்துப் பக்கத்தவர். மாமாவின் அலுவலகம் வழியாகச் சரக்கு அனுப்பிப் பழகியவர். நோன்பு மாதத்தில் ஒருநாள் அவர் வந்து, தம்பி ஏடனுக்குப் போகிறான் என்றார். இங்கே நோன்பு பிடித்தவன் எந்த ஊர் நேரத்துக்கு நோன்பு திறக்க வேண்டும்?

"பிரயாணத்துல நோம்ப விடலாம்னு சலுகை இருக்குங்க. அவன் விடமாட்டான். பிடிவாதக்காரன்" என்றார் பட்டறைக்காரர்.

மாமா நூலை இழுத்தார். பெரியவரின் விரல் ஏடன் மேல் இருந்தது. வானூர்தி மேற்கு நோக்கிப் போவதால் கதிரவனும் கூடவே வருவான் என்று விளக்கினார். ஏடனில் பொழுது சாயும்போதுதான் நோன்பு திறக்க வேண்டும். அப்போது பம்பாயில் ஏறக்குறைய எட்டரை மணி ஆகியிருக்கும். "வயித்துக்கு இந்த ஊர் நேரந்தான் தெரியும், பாய். ரெண்டு மணி நேரம் கூடப் பட்டினி."

பெரியவர் சற்றே யோசித்தார். "அப்பம் அங்கேருந்து நோம்பு வச்சுட்டு இங்க வந்தா ரெண்டு மணி நேரம் கொறையும்லா?"

"குறையும்."

"அப்பம் சரியாப் போச்சு. போறதுல போனது வர்றதுல வந்துருது" என்று சொல்லி அவர் எழுந்தார். மாமா அவரை வாசலில் நிறுத்தினார். தம்பி அம்மை ஊசி போட்டுக்கொண்டானா, போட்டு எத்தனை நாள் ஆயிற்று? முதலிலேயே விடை சொல்லியாயிற்றே என்றார் பெரியவர். மறுபடியும் சொல்லச் சொன்னார் மாமா.

இனி எங்கள் வீட்டுச் செய்தி. மேலே சொன்ன இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் முந்தியது அது. அப்போது அவர் ஊசி மாமா ஆகவில்லை. மேல்மாடியில் குடியிருந்த வானூர்தி நிறுவன எழுத்தர், அவ்வளவே.

பங்குனி மாதத்தில் ஒருநாள் விடியற்காலையில் என் தந்தையார் காலமானார். மூத்த மகன், என் அண்ணன், நைரோபியில் பணியிலிருந்தான். கப்பலேறிப் போய் எட்டாண்டுகள் ஆகியிருந்தன. ஒருமுறையும் வரவில்லை. பகை எதுவும் இல்லை. அடுத்த ஆண்டு, அடுத்த ஆண்டு என்று தள்ளிக்கொண்டே போனான். கடைசி ஒரு வாரம் தந்தையார் அவனுடைய பெயரைத் தவிர வேறு சொல் பேசவில்லை. தந்தி கொடுத்தோம். மாலைக்குள் மறுதந்தி வந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்குப் புறப்படும் வானூர்தியில் அவனுக்கு இடம் கிடைத்துவிட்டது.

அவன் வரும்வரை எடுக்கக்கூடாது என்றார் என் தாயார். முதல் மகன் கொள்ளி வைப்பதுதான் முறை. அதைவிட, அவனுக்குக் கடைசியாக ஒருமுறை முகத்தைக் காட்ட வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். சிற்றப்பா ஒப்பவில்லை. பங்குனி வெயில். ஒரு பகல் முழுதும் பனிக்கட்டி வைத்தாயிற்று. இன்னும் ஒரு பகலா? அப்படியே காத்திருந்து, கதிரவன் மறைவதற்குள் அவன் வந்து சேராவிட்டால் மூன்றாம் நாளும் உடல் வீட்டில் கிடக்குமா? புரோகிதரும் தயங்கினார். இரு தரப்பும் பேசிப் பேசி ஓய்ந்த நிலையில் யாரோ மேல்மாடிக்காரரைக் கூப்பிட்டார்கள். அவன் வந்து சேரும் நேரத்தை அவர் சொல்லட்டும் என்றார்கள்.

அவர் உருண்டையையும் நூலையும் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். தந்தையாரைக் கிடத்தியிருந்த கூடத்தில், தரையில் அமர்ந்தார். யாராவது நைரோபி மேல் விரல் வைக்க வேண்டும் என்றார். நான் குனிவதற்குள் என் தாயார் கையை நீட்டினார். அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. மாமா அவர் விரலைப் பிடித்து ஆப்பிரிக்காவின் மேல் கொண்டுபோய் வைத்தார். எட்டாண்டுகளாக மகன் இருந்த இடத்தை என் தாயார் அன்றுதான் தொட்டார்.

நூல் நாற்பத்தொரு பாகை காட்டியது. அவர் தாளில் எழுதிக்கொண்டே போனார். ஜெட் வானூர்தி, நடுவில் இறங்காது, ஐந்தரை மணி நேரம். அங்கே எட்டு மணி என்றால் இங்கே பத்தரை. ஆகவே மாலை நான்கு மணிக்குச் சாந்தாகுரூஸ் வானூர்தி நிலையத்தில் இறங்கும். சுங்கச் சோதனைக்கு நாற்பது நிமிடம். டாக்சியில் அரை மணி நேரம். "நானே ஏரோட்ரோமுக்குப் போய் அழைச்சுண்டு வரேன். அஞ்சு மணி பத்து நிமிஷத்துக்கு இந்த வாசல்ல இருப்பான்." சுடுகாடு சயானில். அந்தி ஆறே முக்காலுக்கு. போதிய நேரம் இருந்தது.

சிற்றப்பா அந்தத் தாளை வாங்கி ஒவ்வோர் எண்ணாகப் பார்த்தார். அவருக்கு அதில் குறை காண முடியவில்லை. காத்திருப்பதென்று முடிவாயிற்று.

மறுநாள் பகல் எவ்வளவு நீண்டது என்பதை எழுதுவது எளிதன்று. பனிக்கட்டி கரைந்து கூடத்திலிருந்து வழிந்தது. வந்தவர்கள் நாற்காலியில்லாமல் படிகளில் அமர்ந்தார்கள். யாரும் சாப்பிடவில்லை. தாயார் நான்கு மணிக்கு முகம் கழுவி, நெற்றியில் விபூதி இட்டுக்கொண்டு வந்து வாசலைப் பார்த்து அமர்ந்தார். நான்கரை ஆயிற்று. நான்கே முக்கால் ஆயிற்று. அப்போது கீழே இருந்த மருந்துக்கடைக்காரர் படியேறி வந்து, எனக்குத் தொலைபேசி வந்திருப்பதாகச் சொன்னார்.

மறுமுனையில் மாமா. பின்னணியில் வானூர்தியின் இரைச்சல்.

"அவன் வந்துட்டான், மாஸ்டர். நாலு மணி அஞ்சு நிமிஷம். நான் பார்த்துட்டேன், கையக்கூட ஆட்டினான். ஆனா ஆத்துக்கு வர முடியாது."

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். ஆப்பிரிக்காவிலிருந்து வருபவர்கள் மஞ்சட்காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்டிருக்க வேண்டும். அண்ணன் கப்பலேறியபோது போட்டுக்கொண்ட ஊசி எப்போதோ காலாவதியாகிவிட்டது. தந்தி கிடைத்த பதற்றத்தில், புறப்படும் அன்று காலையில்தான் புது ஊசி போட்டு அட்டையில் முத்திரை வாங்கியிருக்கிறான். முத்திரை இருந்தால் போதும் என்று அவன் நினைத்துக்கொண்டான். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்தால்தான் அட்டை செல்லும். செல்லாத அட்டையோடு வந்தவனை ஆறு நாள் தனியே வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். நிலையத்துக்கு அருகிலேயே கொசு நுழையாத கம்பிவலை அடித்த கட்டடம் ஒன்றில் அவனைக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். மாமா யார் யாரிடமோ கெஞ்சியிருக்கிறார். ஒரு மணி நேரமேனும் காவலோடு அனுப்பும்படி கேட்டிருக்கிறார். சட்டத்தில் அதற்கு இடமில்லை.

ஆப்பிரிக்காவிலிருந்து கடல் கடந்து ஐந்தரை மணி நேரத்தில் வந்துவிட்டான். மிச்சமிருந்த ஆறேழு மைலுக்கு ஆறு நாள்.

"நீங்க எடுத்துடுங்கோ" என்றார் மாமா. "மாமிகிட்ட நான் வந்து சொல்லிக்கறேன். இப்ப எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லணும். எத்தனை மணிக்குக் கொள்ளி வைப்பேள்?"

தெரியாது என்றேன். தெரிந்தாக வேண்டும் என்றார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். வீட்டுச் சடங்கு முடிய எவ்வளவு நேரம் ஆகும்? தோளிலா, வண்டியிலா? தூக்குபவர்கள் எத்தனை பேர், வழியில் எத்தனை இடத்தில் தோள் மாற்றுவார்கள்? தண்டவாளத்தை எங்கே கடப்பீர்கள்? மருந்துக்கடை மேசையில் கிடந்த தாளில் எழுதி எழுதி நான் விடை சொன்னேன். என் வாழ்நாளில் நான் கணக்கிட்ட முதற் பயணம் அதுதான்.

"ஆறு மணி இருபது நிமிஷம், மாமா."

"உங்க கடியாரத்துல இப்ப என்ன மணி?"

"நாலு ஐம்பத்திரண்டு."

"என்னோடதுல ஐம்பத்துநாலு. ரெண்டு நிமிஷம் நான் முன்னால இருக்கேன். சரி." தொலைபேசி அடங்கியது.

தாயாரிடம் நான்தான் சொன்னேன். அவர் அழவில்லை. "வந்துட்டானோல்லியோ?" என்று மட்டும் கேட்டார். வந்துவிட்டான் என்றேன். அதற்குப் பிறகு அவர் வாசலைப் பார்க்கவில்லை. சிற்றப்பா முந்தின நாள் வாங்கிப் பார்த்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். அதை எடுத்துக் கிழிக்கக்கூட அவருக்கு மனம் வரவில்லை போலும்.

வீட்டிலிருந்து குறித்த வேளையில் புறப்பட்டோம். வழியில் தடையெதுவும் இல்லை. சயான் சுடுகாட்டில் பதிவுப் புத்தகத்தின்முன் நின்றபோதுதான் நான் தடுமாறினேன். இறந்தவரின் வயது என்ன என்று கேட்டார்கள். எனக்கு நினைவில் வரவில்லை. பிறந்த ஆண்டைச் சொல்லிக் கழித்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு எண் வந்தது. தாத்தாவின் பெயரைக் கேட்டார்கள். அதைச் சொல்லிப் புரியவைக்கவும் நேரமாயிற்று. நான் கொள்ளி வைத்தபோது கைக்கடிகாரம் ஆறு முப்பத்தொன்று காட்டியது.

ஆறு நாள் முடிந்து அண்ணன் வீட்டுக்கு வந்தான். வந்தவன் தாயாரின் மடியில் முகம் புதைத்து வெகுநேரம் கிடந்தான். பிறகு நடந்ததைச் சொன்னான்.

"அஞ்சரை மணிக்கு மேல்மாடி மாமா வலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்னார்டா. யாரையோ பிடிச்சுக் கேட்டு, என்னைத் தெற்குப் பக்க வராந்தாவுக்கு மாத்தச் சொன்னார். எதுக்குன்னு எனக்குப் புரியலை. கையை நீட்டிக் காட்டினார். சுடுகாடு இதோ இந்தத் திசையில இருக்கு. தெற்கு, துளி கிழக்கு. நேர்க்கோட்டுல மூணேகால் மைல். நடுவுல உப்பளமும் குடிசையுந்தான், மலை ஒண்ணும் இல்லைன்னார்."

ஆறு இருபதுக்கு என்று நான் சொன்னதை அவனிடம் அவர் சொல்லியிருக்கிறார். ஆனால் ஆறு மணிக்கே கைகூப்பி நிற்கச் செய்திருக்கிறார். ஆறு இருபது ஆனதும் அண்ணன் அந்தத் திசை நோக்கி விழுந்து வணங்கி எழுந்தான். உள்ளே போகத் திரும்பினான். மாமா தடுத்துவிட்டார்.

"'நில்லு. கணக்குத் தப்பும். நான் சொல்றவரைக்கும் கையை எடுக்காதே'ன்னார். பொழுது சாயறவரைக்கும் நின்னோம். நான் வலைக்கு இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம். அவரும் கைகூப்பிண்டுதான் நின்னார். எப்போன்னு தெரியலைடா. ஆனா அந்த முக்கா மணி நேரத்துக்குள்ள எப்பவோ நடந்திருக்கும்."

பத்தாம் நாள் சடங்கின்போதுதான் மாமா எங்கள் வீட்டுக்குள் வந்தார். அந்த நாள்களில் அவர் எங்களைப் படியில் கண்டால் ஒதுங்கிப் போய்விடுவார்; மேலும் மெலிந்திருந்தார். தாயாரை வணங்கிவிட்டு என் அருகில் வந்து அமர்ந்தார். மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அதற்கான மறுமொழியையும் ஆயத்தம் செய்து வைத்திருந்தேன்.

"எத்தனை மணிக்கு?" என்றார்.

"ஆறு முப்பத்தொண்ணு."

கண்களை மூடிக்கொண்டார். நெடுமூச்சு வந்தது. "நாங்க நின்ன நேரத்துக்கு உள்ளதான் இருந்திருக்கு" என்றார். பிறகு, "பதினோரு நிமிஷம். பதிவு பண்ற நேரத்தை நீங்க சேர்க்கலை" என்றார்.

"ஆமாம், மாமா."

"நானும் ஒண்ணு சேர்க்கலை." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இருபது வருஷமா சரக்குதான் அனுப்பிண்டு இருக்கேன், மாஸ்டர். மூட்டைக்கு ஊசி கிடையாது."

அவ்வளவே. அந்தப் பேச்சை அவர் பிறகு ஒருபோதும் எடுத்ததில்லை.

பதின்மூன்றாம் நாள் கழிந்து அண்ணன் நைரோபி திரும்பினான். புறப்படும் நாளன்று என் தாயார் மாமாவை அழைத்து வரச் சொன்னார். அவர் உருண்டையோடு வந்து, அதே கூடத்தில் தரையில் அமர்ந்தார். நூலை எடுக்கவில்லை. அண்ணனை நிமிர்ந்து பார்த்து, மாதுங்கா பின்னாளில் சிரித்த அந்தக் கேள்வியை முதன்முதலாகக் கேட்டார்.

"ஊசி போட்டு எத்தனை நாள் ஆச்சு?"

"பதினாலு நாள், மாமா."

அட்டையை வாங்கி, முத்திரையின் நாளை விரல்விட்டு எண்ணிச் சரிபார்த்தார். பிறகுதான் நூலைப் பிரித்தார். யாரும் சொல்லாமலே என் தாயார் கையை நீட்டினார். இம்முறை அவருக்கு இடம் தெரிந்திருந்தது. நூல் நாற்பத்தொரு பாகையில் நின்றது. மாமா தாளில் எழுதினார், கூட்டினார், அண்ணன் தன் அறை வாசலை எத்தனை மணிக்கு அடைவான் என்பதைச் சொன்னார். நூலை அதன் அட்டைத் துண்டில் சுற்றி வைத்தார். அண்ணனின் பெட்டி கீழே டாக்சியில் ஏற்றப்பட்டது.

"எடுத்துக்கலாம், மாமி" என்றார்.

தாயார் விரலை எடுக்கவில்லை. மாமாவும் மறுமுறை சொல்லவில்லை. உருண்டை அசைந்துவிடாதபடி இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு அப்படியே அமர்ந்திருந்தார்.